மடிக்காமல் வெட்டிய துணி

என் மகளுக்கு,

இந்தப் பையில் மூன்று ஜாக்கெட் இருக்கின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று இளநீலம், இன்னொன்று உன் பச்சைக் கரைச் சேலைக்கு என்று நீயே எடுத்த மஞ்சள். போடுவதும் போடாமல் அலுமாரிக்குள் வைப்பதும் உன் விருப்பம். லீவு முடிந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பேச வராது. நான் பேசத் தொடங்கினால் நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாய், எனக்கும் பாதியிலேயே அழுகை வந்துவிடுகிறது. எழுதினால் நீ டீச்சர், என் பிழைகளைத் திருத்துவதற்காகவாவது கடைசி வரைக்கும் வாசிப்பாய் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஆபரேஷன் நடந்த வருடம் நீ கொட்டகலையில் உன் சித்தி வீட்டில் தங்கி ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அம்மாவுக்கு ஒரு கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் உனக்குச் சொன்னோம். பிள்ளையின் படிப்பு குழம்பிவிடும் என்று உன் அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னார். இடப்பக்க மார்பு முழுவதையும் எடுத்திருந்தார்கள். கண்டியிலிருந்து வந்து, ஹட்டனில் பஸ் மாறி, நோர்வூட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்கு ஏறி வந்தபோது என்னிடம் இருந்த ஜாக்கெட் ஒன்றுகூட எனக்கு ஆகவில்லை. இடப்பக்கத் துணி வெறும் பையாகத் தொங்கியது. குனிந்தால் கழுத்து வழியே குளிர் உள்ளே இறங்கியது. காய்ந்தும் காயாமலும் இருந்த தழும்பில் தையல் விளிம்பு உரசி உரசி, மாலையில் ஜாக்கெட்டைக் கழற்றும்போது துணியோடு தோலும் வந்தது.

வேலைக்குத் திரும்பிய பிறகு பழைய துவாய் ஒன்றைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். கொழுந்து பறிக்கிறவளின் உடம்பு ஒரு நிமிடம் சும்மா இருக்காது. கை இரண்டும் ஓடும், கூடைக் கயிறு தலையைப் பின்னால் இழுக்கும். துவாய் எந்த இடத்தில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பின் நிரையில் வந்த ஒரு சின்னப் பெண் அதை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்து, "இது யாருது? யாரு போட்டுட்டுப் போனது?" என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். தெரிந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து செடியைப் பார்த்தார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். "என்னோடதுதான் புள்ள, இங்க குடு" என்று வாங்கிக் கூடைக்குள் போட்டேன். நிறுவையின்போது அது கொழுந்தோடு சேர்ந்து வெளியே வந்து விழுந்தது. கணக்கப்பிள்ளை அதைக் குச்சியால் ஒரு பக்கம் தள்ளினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோர்வூட் பசாரில் ஒரு தையல்காரரிடம் போனேன். அளவு நாடாவை என் மேல் சுற்றியவர் பாதியில் நிறுத்திவிட்டு, "என்னம்மா, இந்தப் பக்கம் ஒன்னுமே இல்லையே?" என்றார். அவருக்கு இயல்பிலேயே உரத்த குரல். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். நான் அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கப் போனபோது, அவர் அந்தப் பழையதைப் போலவே இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி தைத்து வைத்திருந்தார். போட்டுப் பார்த்தேன், இடப்பக்கம் உள்ளே குழிந்து விழுந்தது. சரி செய்து தரச் சொன்னேன். "தையல்ல பிழ இல்லம்மா, ஒங்க ஒடம்புலதான் பிழ" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான் பஸ்ஸில் ஏறாமல் மேட்டுப் பாதை முழுக்க நடந்தே வந்தேன். அன்றைக்கே இனி என் உடம்பில் வேறு ஒருத்தர் நாடாவை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

எனக்குத் தையல் தெரியாது. கிழிந்ததை ஒட்டுப் போடத் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தையல்காரர் தைத்த ஜாக்கெட்டையே பிளேடால் தையல் தையலாகப் பிரித்தேன். முதுகு ஒன்று, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு, பட்டித் துணிகள் என்று பாயில் பரப்பி வைத்தபோது, முழு ஜாக்கெட்டாக இருக்கையில் என்னைப் பயமுறுத்தியது வெறும் துண்டுகளாகத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் பத்திரிகைக் காகிதத்தின் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டினேன். தையல் தெரிந்தவர்கள் பேட்டர்ன் என்று சொல்வது அதைத்தான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கோதுமை மா வந்த பழைய சாக்கைத் துவைத்து, எல்லாரும் செய்வதுபோல இரண்டாக மடித்து, காகிதத்தை மேலே வைத்து முன்பக்கங்கள் இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினேன். தைத்துப் போட்டால் மறுபடியும் அதே குழி. அதைப் பிரித்து இன்னொன்று. அதிலும் அதே குழி. பல சாக்குகள் வீணான பிறகுதான் எனக்கு உறைத்தது. மடித்து வெட்டுவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறவர்களுக்கு. எனக்கு வலப்பக்கத்துக்கு ஒரு காகிதம், இடப்பக்கத்துக்கு ஒரு காகிதம் வேண்டும். துணியை மடிக்காமல் விரித்துப் போட்டு, ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். அன்று மத்தியானம் பாயில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். சந்தோசமா துக்கமா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நல்ல துணி எடுக்க ஹட்டனுக்குப் போனபோதுதான் ரஹீமாக்காவின் பழக்கம் ஏற்பட்டது. புருஷனோடு சேர்ந்து துணிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பளபளப்பான துணி ஒன்றைக் கேட்டேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேசைக்கு மேலே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எந்தப் பக்கம்?" என்றார். சால்வையை எவ்வளவு இழுத்துப் போர்த்தியிருந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற உடம்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது. "எடது" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்ட துணியை உருட்டி வைத்துவிட்டு மெல்லிய பருத்தியை எடுத்து, "கையில பாக்காதீங்க, கழுத்துல வச்சுப் பாருங்க. கழுத்து பொறுக்கிறதத்தான் தழும்பும் பொறுக்கும்" என்றார். துணிக் கட்டுகளைச் சுற்றி வரும் தடித்த பழுப்புக் காகிதத்தையும் சுருட்டித் தந்தார். அதில் வெட்டிய பேட்டர்ன் வருடக்கணக்கில் கிழியாது.

மார்பு இருந்த இடத்தில் உள்ளே வைக்கிற பையை எதனால் நிரப்புவது என்பதற்குத்தான் அதிகம் கஷ்டப்பட்டேன். பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறிக்கொண்டது. குரக்கன் தானியத்தைப் போட்டுப் பார்த்தேன். மழையில் நனைந்து ஊறிப் புளித்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டில் என் பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள். கடைசியில் ரஹீமாக்காதான் சின்ன பிளாஸ்டிக் மணிகளைத் தந்தார். ஸ்பொஞ்சுக்கு நடுவில் அதை வைத்துத் தைத்தபோது கனமும் சரியாக வந்தது, தோளும் நேரானது. உன் அப்பா இவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் முன் காம்பராவில் தனியாகப் பாய் போட்டுப் படுத்தார். காகிதம் விரித்திருந்தால் மிதிக்காமல் சுற்றிப் போவார். தழும்பைக் காட்டு என்று கேட்கவும் இல்லை, நான் காட்டவும் இல்லை. அவர் சாகும்வரைக்கும் அப்படியே போய்விட்டது. அவருக்கு வெறுப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். பயம். நான் நல்ல ஜாக்கெட் போட்டு நிமிர்ந்து நின்றதும் அவரும் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கப் பழகிவிட்டார். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் அப்படி வாழலாம். ஆனால் அது நல்ல வாழ்க்கை இல்லை.

நமக்குக் கீழே பணிய லயத்தில் இருந்த பாக்கியத்தை உனக்கு நினைவிருக்கும். என்னோடு ஒரே கங்காணியிடம் வேலை செய்தவள். அவள் செத்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "அக்கா, ஒங்க ஜாக்கெட்டு வாகா இருக்கு. எனக்கும் ஒன்னு தச்சுத் தாங்க. கொஞ்சம் லூசா இருக்கணும்" என்றாள். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கவில்லை. பக்கத்தில் போனதும் வாடை வந்தது. ஜாக்கெட்டுக்குள் பழந்துணியை அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். அதை உனக்கு எழுத மாட்டேன்.

"எவ்வளவு நாளா புள்ள இப்படி?"

"தீவாளிக்கு முன்னுக்கே இருந்துச்சுக்கா. அப்ப சின்னக் கட்டி."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் கூட வாறேன்."

"மக சாந்திக்கு மாப்புள்ள பேசிக்கிட்டு இருக்கோம்க்கா. தாய்க்கு இப்படினு தெரிஞ்சா மகளுக்கும் வரும்னு சொல்லி வேணாம்னு போயிருவாங்க. கல்யாணம் முடியட்டும்."

"நீ வராட்டி நான் தைக்க மாட்டேன்."

"தைக்காட்டிப் பரவாயில்ல" என்று எழுந்து போய்விட்டாள். நான் விடவில்லை. பின்னாலேயே போய் அவள் புருஷனிடம் சொன்னேன். அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளை இழுத்துக்கொண்டு போனோம். டொக்டர் பார்த்துவிட்டு, இனி வெட்டி எடுத்துப் பிரயோசனம் இல்லை, வலிக்கு மருந்து தருகிறேன் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப தைப்பீங்கதானே?" என்று கேட்டாள்.

தைத்தேன். மருந்து கட்டுவதற்கு வசதியாகப் பக்கவாட்டில் திறந்து நாடாவால் முடிகிற மாதிரி, உள்ளே இரண்டு மடங்கு மெல்லிய துணி வைத்துத் தைத்தேன். சாந்தியின் கல்யாணத்தில் மஞ்சள் சேலை உடுத்து, வந்தவர்களை "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் உடம்பு வற்றத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பழைய பேட்டர்ன் பெரிதாகிவிடும். நான் பக்கவாட்டுக் கோட்டை உள்ளே தள்ளி வரைந்து மறுபடியும் வெட்டுவேன். வளர்கிற பிள்ளைக்குக் காகிதத்தை ஒட்டிப் பெரிதாக்குவார்கள். நான் ஒரு பெரிய மனுஷிக்கு அதை வெட்டிக் குறைத்துக்கொண்டே போனேன். கடைசியில் தைத்த ஜாக்கெட்டைத்தான் அவளைக் குளிப்பாட்டிய பிறகு போட்டுவிட்டோம். அதுவும் பெரிதாகத்தான் இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்னு இருந்திருப்பேனே அத்தை" என்று சாந்தி என் காலில் விழுந்து அழுதாள்.

பாக்கியத்தின் நிலைமை உனக்கு வரவில்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட அடுத்த வாரமே நீ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். டொக்டரும் நேரத்தோடு வந்தது நல்லது என்றார். ஆனாலும் ஒரு பக்கத்தை முழுதாக எடுக்க வேண்டி வந்தது. உன்னோடு இருக்க நான் கொட்டகலையில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, கண்ணாடிக்கு மேலே சேலை ஒன்றைப் போட்டு மூடியிருந்தாய். ஒரே நைட்டியைத் துவைத்துத் துவைத்துப் போட்டாய். மருமகன் சாப்பாட்டுத் தட்டோடு கதவுக்கு வெளியே நிற்பார், நீ என்னை அனுப்பி வாங்குவாய். அவர் பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவதை நான் கண்டிருக்கிறேன். ஒரு நாள் நீ சொன்னாய், "எப்படிம்மா நான் கிளாசுல நிக்கிறது? போர்டுல எழுதக் கையத் தூக்கினா சேல வெலகும். பெரிய பையன்கள் முன்னுக்கு உக்காந்திருப்பாங்க."

"ஜாக்கெட்ட ஒழுங்கா வெட்டினா நிக்கலாம்" என்றேன்.

"ஒங்களுக்கு என்ன தெரியும்? ஒங்களுக்குக் கட்டிய மட்டுந்தானே எடுத்தாங்க. நீங்க முழுசா இருக்கீங்க."

நான் எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து நின்று கொக்கிகளைக் கழற்றினேன். டொக்டர்மாருக்கும் நர்ஸ்மாருக்கும் தவிர யாருக்கும் காட்டாத உடம்பு. நீ என்னைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாய். பிறகு கட்டிலில் கிடந்த என் ஜாக்கெட்டை எடுத்து உள்பக்கமாகத் திருப்பினாய். பையைத் தடவினாய், மணிகளை விரலால் உருட்டிப் பார்த்தாய், இரண்டு முன்பக்கங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து அவை வேறு வேறு என்று கண்டாய். "இத்தன வருசமாவா? ஏம்மா சொல்லல்ல?" என்று கேட்டு என்னைத் திட்டினாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ சத்தமாகப் பேசியது அன்றுதான். திட்டி முடித்த பிறகு நீயே நைட்டியைக் கழற்றினாய். நாடா தழும்பில் படாமல் நான் அளவெடுத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "சுருக்கா எடுங்கம்மா" என்றாய். நம் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில், ஒரே சரிவில் தழும்பு. அதைப் பார்க்கிற தாய்க்கு எப்படி இருக்கும் என்று உன்னிடம் சொல்லி என்ன பயன்.

துணி எடுக்க ஹட்டனுக்கு வந்ததையும் எழுதிவிடுகிறேன். ரஹீமாக்கா இப்போது எழுந்து நிற்க முடியாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். துணி காட்டிய பெண் உன்னிடம் படித்தவள். "டீச்சர்! சொகமில்லனு சொன்னாங்க, இப்ப சரியா?" என்று கேட்டுக்கொண்டே மஞ்சள் துணியை இரண்டாக மடித்து, கத்தரிக்கோலை எடுத்தாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "எனக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்க தங்கச்சி. ஒரே மாதிரி ரெண்டு வெட்ட ஏலாது. துணி கொஞ்சம் கூடுதலா வெட்டுங்க" என்றாய். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது. பிறகு அவள் மடிப்பைப் பிரித்து, அளந்து, கூட்டியே வெட்டினாள். நீ வெளியே வந்து வடிகான் ஓரத்தில் வாந்தி எடுத்தாய். உன் உதடு வெளுத்துப் போயிருந்தது. தைரியமாகப் பேசிவிட்டாய் என்று நான் உன்னைப் புகழவில்லை. என்ன விலை கொடுத்து அந்த வார்த்தைகளைச் சொன்னாய் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

இனி ஜாக்கெட்டைப் பற்றி. கைக்குழியை மேலே ஏற்றி வெட்டியிருக்கிறேன். ஆழமாக வெட்டினால் கைக்கு வசதி என்று நினைப்பாய். அப்படி வெட்டினால் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் கூடவே ஏறும். அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துணி வைத்திருக்கிறேன், அது இழுபடாமல் விரிந்து கொடுக்கும். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை சில நாட்களில் வீங்கும், அதனால் அந்தப் பக்கத்து ஜாக்கெட் கையை மட்டும் அகலமாக வெட்டினேன். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. வீக்கம் வற்றாமல் கனத்தால் கிளினிக்குக்குப் போ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே. மாதம் ஒரு தடவை மற்றப் பக்கத்தைத் தடவிப் பார். நானும் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் விரல் வைக்கும்போது எனக்குப் பயம்தான். அந்தப் பயம் போகும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பேட்டர்ன்களை உன் பெயர் எழுதிச் சுருட்டி வைத்திருக்கிறேன். என் கண்ணில் பூ விழத் தொடங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க அடுத்த காம்பராவில் இருக்கிற பிள்ளையிடம் போக வேண்டியிருக்கிறது. ஆகையால் தையல் மெஷின் பழகு. உனக்கு வேண்டியதை நீயே வெட்டு.

லீவு முடிந்து வருகிற திங்கட்கிழமை காலையில் வந்து உனக்கு உடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வர முடியாது. நேற்றுப் பின்னேரம் சாந்தி வந்தாள். கைக்குழந்தையைப் பாயில் கிடத்தினாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்து, "இங்க தொட்டுப் பாருங்க அத்தை" என்றாள். தொட்டேன். சின்னதுதான். ஆனால் இருக்கிறது. பால் கட்டியதாகவும் இருக்கலாம் என்று அவளுக்குச் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். புருஷனிடம் சொன்னாயா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள், இல்லை என்று. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவளைக் கண்டிக்குக் கூட்டிப் போகிறேன். போகும்போது அவள் புருஷனையும் எழுப்பிக் கூட்டிப் போவதாக இருக்கிறேன். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நீ பள்ளிக்கூடம் போவதானால் ஜாக்கெட்டை நீயே போட்டுக்கொள்ளலாம். சேலைக்குக் குனிந்து கொசுவம் பிடிக்க உன் கை இன்னும் இடம் தராது. மருமகனைக் கூப்பிடு. அவருக்கு ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது, கோணலாகத்தான் வரும். பரவாயில்லை. கதவைத் திறந்து உள்ளே வரச் சொல்.

அம்மா